உருக்குக் கம்பியில் கொய்வலையை (shear wave) அளப்பது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: அண்ணா, 10 மி.மீ. உருக்குக் கம்பியின் பக்கத்தில தட்டி, இரண்டு பியசோ தட்டுகளுக்கு (அதிர்வை மின்னாக்கிறவை) இடையில அலை போற நேரத்தை எடுத்தன். செக்கனுக்குச் சில நூறு மீற்றர்தான் வருது, அதுவும் ஒவ்வொரு தரமும் வேற விடை. கொய்வலை 3200 எண்டுதானே படிச்சம்?

தங்கச்சி, கருவியில பிழை இல்லை. நீங்கள் அளந்தது கொய்வலையே இல்லை. கொய்வலை என்பது பொருளின் படைகள் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்குவதுபோல் அசையும் அலை. பக்கவாட்டில் தட்டினால் மெல்லிய கம்பி வளையும்; அந்த வளைவலையின் வேகம் மீடிறனோடு (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதோடு) மாறும். உங்கள் கம்பியில் 1000 ஹேர்ட்ஸில் அதன் அலைமுகடுகள் செக்கனுக்கு ஏறக்குறைய 280 மீற்றரில் போகும், 4000 ஹேர்ட்ஸில் அதன் இருமடங்கில். ஒரு தட்டில் எல்லா மீடிறனும் கலந்திருப்பதால் துடிப்பு போகப் போகச் சிதறும். எந்த முகட்டைப் பிடித்தீர்களோ அதற்கேற்ற விடைதான் கிடைக்கும்.

கம்பியை முறுக்குங்கள். வட்டக் கம்பியில் அடிப்படை முறுக்கு அலை எந்த மீடிறனிலும் கொய்வலை வேகத்தில்தான் போகும்: கொய்வு மட்டு என்ற விறைப்பு அளவை அடர்த்தியால் பிரித்து வர்க்கமூலம் எடுங்கள். 80 கிகாபஸ்கால், 7850 கி.கி./க.மீ. என்று போட்டால் 3190 வரும்.

கொட்டாஞ்சேனை, ஆசிரியர்: பாடசாலையில் ஒஸிலோஸ்கோப் இல்லை. கணினி மட்டும் உண்டு. முடியுமா?

முடியும் சேர், ஆனால் நேரத்தை அளக்க வேண்டாம். ஒரு மீற்றர் கம்பியில் முறுக்கலை போய்வர 630 மைக்றோசெக்கன்கூட ஆகாது. செக்கனுக்கு 44,100 தரம் அளவெடுக்கும் ஒலி அட்டைக்கு அதற்குள் 28 புள்ளிகூடக் கிடைக்காது. பரிவை, அதாவது கம்பி தானாகவே பலமாக அதிரும் மீடிறனை, பிடியுங்கள். கம்பியை நடுவில் மட்டும் இறுக்கிப் பிடித்து, நுனியின் பக்கத்தில் சிறிய நட் ஒன்றை ஒட்டி, சுற்றளவின் திசையில் அதைத் தட்டுங்கள். ஒலிவாங்கியை நம்ப வேண்டாம்: வட்டக் கம்பி முறுகும்போது காற்றை அவ்வளவாகத் தள்ளாது. முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும் பஸர் தட்டை (அதுவும் பியசோதான்) நட்டிலேயே ஒட்டி, ஒலி அட்டையில் கொடுங்கள்.

கணினி காட்டும் மீடிறன் நிறமாலையில் முகடுகள் நிறைய வரும். 1590 ஹேர்ட்ஸ் அருகே ஒன்று, அதன் மூன்று மடங்கில் இன்னொன்று என்று வருபவைதான் முறுக்கு. வளைவின் முகடுகள் இந்த ஒழுங்கில் நிற்காது. நட்டின் எடை மீடிறனைச் சற்றுக் குறைக்கும், ஆகச் சிறியதாகப் பாருங்கள். பிறகு நுனியில் நேராகத் தட்டினால் நெட்டாங்கு அலை (கம்பியின் நீளத்தில் அமுங்கி விரிந்து போவது) 2550 அருகே வரும். இரண்டின் விகிதத்தை வர்க்கித்து, பாதியாக்கி, ஒன்றைக் கழித்தால் புவசோன் விகிதம் (இழுக்கும்போது கம்பி எவ்வளவு மெலியும் என்ற அளவு): 0.29 அளவில். நீளத்தையோ அடர்த்தியையோ அளக்காமலே இது கிடைக்கிறது. எனக்கு இந்தப் பரிசோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தெமட்டகொடை: பஞ்சிகாவத்தையில சதுரக் கம்பிதான் கிடைச்சது. பரவாயில்லையா?

பரவாயில்லை. முறுக்கலை நூற்றுக்கு 8 அளவு மெதுவாகப் போகும், கணக்கில் திருத்துங்கள்.

முகத்துவாரம், பற்றவைப்புப் பரிசோதகர்: மீயொலி நேர்க்கொய்வு புரோப் (கொய்வலையை நேரே உருக்குக்குள்ள அனுப்பி, திரும்பி வாற எக்கோவைப் பிடிக்கிறது) வைச்சுப் பார்த்தன், எண்ணெய் பூசியும் எக்கோ இல்லை. 45 பாகைப் புரோப் அதே எண்ணெயில நல்லா வேலை செய்யுது.

எண்ணெய் போன்ற இளகிய திரவம் கொய்வலையைக் கடத்தாது. சாய்வுப் புரோப்பில் எண்ணெயைக் கடப்பது நெட்டாங்கு அலை. அது உருக்கில் புகும்போதுதான் கொய்வலையாக மாறுகிறது. நேர்ப் புரோப்புக்கு மிகவும் பிசுக்கான பொருள் வேண்டும். கெட்டித் தேன் போதும். கித்துள் பாணியைக் காய்ச்சி இறுக்கியும் பாருங்கள், ஆனால் எறும்பு வரமுதல் கழுவிவிடுங்கள். கடற்காற்றில் பிடித்த துருவை முதலில் தேய்த்தெடுங்கள்.

25 மி.மீ. உருக்கில் எக்கோக்களின் இடைவெளி 15.5 மைக்றோசெக்கன் அளவில் வரவேண்டும். 8.4 வந்தால் அது நெட்டாங்கு அலை. முதல் எக்கோவின் நேரத்தை எடுக்காதீர்கள், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். புரோப்பின் தாமதம் கழன்றுவிடும். உருட்டிய தகடானால் புரோப்பை 90 பாகை திருப்பியும் அளவுங்கள், வேகம் சற்று மாறலாம்.

பம்பலப்பிட்டி: இந்த வேகத்தை வைச்சு உருக்கா அலுமினியமா எண்டு சொல்லலாமா?

சிரமம். அலுமினியத்தில் 3100, உருக்கில் 3200. பித்தளையானால் 2100 அளவில் வரும், உடனே பிடித்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் தராசே போதும்.