மூன்று வாரத்தில் மெஷினை விற்காதீர்கள், தம்பி

வாசகர் கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 52. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது தொழிலாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். காலை ஐந்தரைக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. நான்கு மாதங்களுக்கு முன் பெரட்டுக்குப் போகும் வழியில் கண் அசந்து மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு மகன் என்னை ஈப்போவுக்கு அழைத்துப் போய்த் தூக்கப் பரிசோதனை செய்ய வைத்தான். மணிக்கு 41 முறை மூச்சு தடைபடுகிறது என்றார்கள். மகன் 4,500 வெள்ளி (ரிங்கிட்) போட்டு, தூக்கத்தில் மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் சிபேப் மெஷின் வாங்கிக் கொடுத்தான். மூன்று வாரம் ஆகிறது. மாஸ்க்கை மூக்கில் போட்டதும் மூச்சு முட்டுகிறது. காலையில் வாய் மணல் தின்ற மாதிரி காய்ந்து கிடக்கிறது. வயிறு பலூன் மாதிரி உப்பி ஏப்பமாக வருகிறது. மூக்குத் தண்டில் புண். குழாயில் தண்ணீர் சேர்ந்து நடு இரவில் முகத்தில் சொட்டுகிறது. இரண்டு மணிக்கு எனக்கே தெரியாமல் கழற்றி எறிந்துவிடுகிறேன். மனைவி ஹாலில் போய்ப் படுக்கிறாள். பேரன் என்னைப் பார்த்துப் பயந்து அழுதான். முன்பெல்லாம் சிறுநீர் கழிக்க இரவில் மூன்று தடவை எழுவேன், இப்போது ஒரு தடவைதான், அதனால் அந்த ஒரு நேரத்தில் கழற்றி மாட்டுவதே வேலையாக இருக்கிறது. மெஷினை யாருக்காவது விற்றுவிட்டுப் பழையபடி இருந்துவிடலாமா?

மண்டோர், சுங்கை சிப்புட்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குறைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு நல்ல செய்தியையும் குறையாகவே எழுதிவிட்டீர்கள். மூன்று தடவை எழுந்தவர் இப்போது ஒரு தடவைதான் எழுகிறேன் என்கிறீர்களே, அது மெஷின் வேலை செய்வதற்கான அடையாளம்.

தொண்டை அடைபட்ட நிலையில் நெஞ்சு காற்றை இழுத்து இழுத்துப் பார்க்கும். அந்த இழுப்பில் இதயம் விரிகிறது. உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அது தவறாக எண்ணிக்கொண்டு, சிறுநீரை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதனால்தான் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் இந்த நோய் உள்ள பலர் வயதாகிவிட்டது, சர்க்கரை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இரவெல்லாம் எழுந்து நடக்கிறார்கள். உங்களுக்கு அது பாதிக்கும் கீழாகக் குறைந்திருக்கிறது, அதுவும் பாதி இரவு மட்டும் மாட்டிக்கொண்டே. அதனால் விற்கும் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

நான் ஓய்வு பெற்ற தாதி. ஆறு வருடமாக நானும் இதே மெஷினோடுதான் தூங்குகிறேன். முதல் இரண்டு மாதம் எனக்கும் நரகம்தான். முதலில் விற்றவர்கள் கொடுத்த மாஸ்க் என் முகத்துக்கு ஒரு சைஸ் பெரியது. அது தெரியாமல் பட்டையை இறுக்கி இறுக்கிக் கன்னத்தில் தழும்போடு வேலைக்குப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மெஷினில் ஏற்படும் தொல்லைகளில் பெரும்பாலானவை மாஸ்க்காலும் செட்டிங்காலும் வருபவை. அவற்றை மாற்றலாம். உங்களோடு ஒட்டிப் பிறந்தவை இல்லை.

மெஷின் என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள், பாதிப் பயம் போய்விடும். செண்டோலைப் பொட்டலத்தில் வாங்கி வேகமாக உறிஞ்சினால் மெல்லிய ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளும் அல்லவா? தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து அதே மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மணிக்கு 41 என்றால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை. 30க்கு மேல் போனாலே கடுமையானது என்று கணக்கு. மெஷின் ஆக்சிஜன் கொடுப்பதில்லை. அறைக் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தின் காலின் சல்லிவன் 1981இல் இதை முதன்முதலில் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். வீடு சுத்தம் செய்யும் வேக்கம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டுத்தான் அன்று காற்றை ஊதினார்கள். மாஸ்க்கை ஒவ்வொரு இரவும் பசை போட்டு மூக்கில் ஒட்டினார்கள். அப்படியும் அந்த நோயாளிகள் விடவில்லை. காரணம், பல வருடத்துக்குப் பிறகு அவர்கள் முதன்முதலாகத் தூங்கினார்கள்.

இனி உங்கள் தொல்லைகளுக்கு வருகிறேன். மூச்சு முட்டுவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது சரியாகாமல் மற்றது எதுவும் சரியாகாது. படுக்கைக்குப் போய்த்தான் மாஸ்க்கை முதலில் தொடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதுதான் பிழை. மாலையில் குளித்துவிட்டு டிவி முன் உட்காரும்போது மாஸ்க்கை மட்டும் கையால் மூக்கில் பிடித்துக்கொள்ளுங்கள், மெஷின் வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பட்டையை மாட்டுங்கள். அப்புறம் குழாயை இணைத்து மெஷினைப் போட்டு, ஒரு சீரியல் முடியும் வரை உட்கார்ந்தே மூச்சு விடுங்கள். விழித்திருக்கும்போது பழகிய உடம்பு தூக்கத்தில் சண்டை போடாது. இதோடு, மெஷினில் ‘ராம்ப்’ என்று ஒரு வசதி இருக்கும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி நீங்கள் தூங்கும் நேரத்துக்கு மெல்ல மெல்லக் கூட்டும். மூச்சை வெளிவிடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் வசதியும் பெரும்பாலான மெஷின்களில் உண்டு. இரண்டும் போடப்பட்டிருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் இடி மின்னலுக்குக் கரண்ட் போனால் மாஸ்க்கோடு மூச்சடைத்துச் செத்துவிடுவோமோ என்று சிலர் பயப்படுவார்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாஸ்க்கில் காற்று வெளியேறும் ஓட்டைகள் எப்போதும் திறந்தே இருக்கும். வாய் மூக்கு இரண்டையும் மூடும் வகையில், காற்று நின்றதும் தானே திறக்கும் வால்வும் உண்டு. மூச்சு கனமாகத் தெரியும், விழித்துக்கொண்டு கழற்றிவிடுவீர்கள்.

வாய் காய்வது ஏன்? நீங்கள் மூக்கு மாஸ்க் போடுகிறீர்கள். தூக்கத்தில் வாய் திறந்துகொள்கிறது. மூக்கு வழியாகப் போகும் காற்று வாய் வழியாக ஓடிப்போகிறது, போகிற போக்கில் நாக்கையும் அண்ணத்தையும் உலர்த்திவிடுகிறது. வாய் ஏன் திறக்கிறது என்று பார்த்தால் பலருக்கு மூக்கு அடைப்புதான் காரணம். தோட்டத்தில் மருந்து அடிக்கும் வாசம், தூசி, புகைமூட்டக் காலம் என்று உங்கள் மூக்குக்கு வேலை அதிகம். ஃபார்மசியில் உப்புநீர் ஸ்ப்ரே கிடைக்கும், படுக்கும் முன் அடித்துப் பாருங்கள். ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்குங்கள். மெஷினின் ஈரப்பத அளவை ஒரு படி கூட்டுங்கள். அப்படியும் வாய் திறந்தால் தாடைப் பட்டை அல்லது வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். வாயில் டேப் ஒட்டச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. மூக்கு அடைப்பு உள்ளவர் அதைச் செய்யவே கூடாது.

ஆனால் ஈரப்பதத்தைக் கூட்டினால் குழாயில் தண்ணீர் சேருமே என்று கேட்பீர்கள். சரிதான். வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் போகும்போது, ஐஸ் தண்ணீர் கிளாஸுக்கு வெளியே வியர்ப்பது போல உள்ளே வியர்க்கிறது. ஏர்கோன் காற்றோ காற்றாடியோ நேராகக் குழாயில் படாமல் பாருங்கள். மெஷினைத் தலையணை உயரத்துக்குக் கீழே வையுங்கள், சேரும் தண்ணீர் முகத்துக்கு வராமல் மெஷின் பக்கம் இறங்கும். பழைய கைலி ஒன்றை நீளமாகத் தைத்துக் குழாய்க்கு உறை போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அன்றோடு நின்றது. சூடேறும் குழாய் என்று தனியாகவும் விற்கிறார்கள். உறை போட்டும் சொட்டினால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

மூக்குத் தண்டில் புண் என்று எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை. காற்று கசிகிறது என்று பட்டையை இறுக்கியிருப்பீர்கள். சிலிகான் விளிம்பு காற்றில் கொஞ்சம் உப்பி முகத்தில் உட்கார வேண்டும், இறுக்கினால் மடங்கி இன்னும் கசியும். படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்று இழுத்து மறுபடி உட்கார வையுங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இரவில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றுங்கள். எண்ணெய் முகத்தில் இருந்தால் விளிம்பு வழுக்கும், சிலிகானும் சீக்கிரம் கெடும். மீசை அடர்த்தியாக இருந்தாலும் கசியும். மீசையை எடுக்கச் சொல்லமாட்டேன், மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் ‘நேசல் பில்லோ’ வகை இருக்கிறது, அது மூக்குத் தண்டைத் தொடவே தொடாது. காலையில் ஒரு மணி நேரத்தில் மறையும் சிவப்புக்கு ஒன்றும் இல்லை. தோல் உரிந்திருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள், சர்க்கரை இருந்தால் அன்றே காட்டுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கிறது, வாங்கும் முன் கேளுங்கள்.

வயிறு உப்புவது, காற்று மூச்சுக்குழாய்க்குப் போகாமல் உணவுக்குழாய்க்குப் போவதால். அழுத்தம் தேவைக்கு மேல் இருந்தாலும் வரும், மாஸ்க் கசிந்தாலும் வரும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் வரும். ஒன்பது மணிக்குச் சோறு சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் படுத்தால் கட்டாயம் வரும். சாப்பாட்டை முன்னால் தள்ளுங்கள், தலைப்பக்கம் கட்டிலைச் சற்று உயர்த்துங்கள், ஒருக்களித்துப் படுங்கள். அழுத்தத்தை மட்டும் நீங்களாகவே மாற்றாதீர்கள். மெஷின் 4 முதல் 20 வரை போகும், உங்களுக்கு எது என்பதை உங்கள் பரிசோதனையைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். உப்புசம் என்று அவர்களிடம் சொன்னால் குறைக்க வழி பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தண்ணீர்த் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்ட் வாட்டர்தான். கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைச் சிலர் ஊற்றுகிறார்கள், அது வேண்டாம். மிச்சத்தைத் தினமும் காலையில் கொட்டிக் காய வையுங்கள். மாஸ்க்கைச் சவுக்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் போடுங்கள். பில்டர் கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

இரண்டு மணிக்குக் கழற்றி எறிவதை நினைத்து வெட்கப்பட வேண்டாம். தூக்கத்தில் கை செய்கிற வேலை அது, எனக்கும் நடந்தது. விழிப்பு வந்ததும் திட்டாமல் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். மெஷின் திரையில் காலையில் எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, மணிக்கு எத்தனை தடை என்று எல்லாம் வரும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதலில் இரவுக்கு 4 மணி நேரம், பிறகு இரவு முழுக்க. அந்த 41 என்ற எண் 5க்குக் கீழே இறங்குவதை உங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். படுக்கும் முன் பியர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள், குடித்த இரவில் எண் ஏறும்.

இப்போது மோட்டார் விஷயம். இதை நான் மெதுவாகச் சொல்ல மாட்டேன். கால்வாயில் விழுந்தது உங்கள் நல்ல காலம், எதிரே குலை ஏற்றிய லோரி வந்திருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது. இரவு முழுக்க மாஸ்க் தங்கும் வரை, ஐந்து மணி இருட்டில் தனியாக மோட்டாரில் போக வேண்டாம். மகனோ கூட வேலை செய்பவரோ ஏற்றிக்கொண்டு போகட்டும். இதைக் கேட்பதில் மண்டோரின் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர் குறட்டைச் சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்கும். “நல்லா தூங்குறாரு” என்பார்கள். பகலில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். தோட்டத்துக் கணக்கரான கிராணி அவரை எல்லார் முன்னாலும் ‘தூங்குமூஞ்சி’ என்று கூப்பிடுவார். அப்பா சோம்பேறி இல்லை, அவர் பல வருடம் தூங்கவே இல்லை என்பது தாதி வேலை படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு இந்த மெஷினைக் காட்ட முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன்.

மனைவி ஹாலுக்குப் போனது மெஷின் சத்தத்துக்கா? நல்ல மெஷின் மெல்லத்தான் ஓடும், ‘உஸ்’ என்று கேட்பது கசிவு. மாஸ்க் சரியானால் அதுவும் அடங்கும், குறட்டையும் இருக்காது. அவரைக் கேட்டுப் பாருங்கள், மாஸ்க் இருந்த நேரத்தில் குறட்டை கேட்டதா என்று. பேரனைப் பகலில் மடியில் வைத்து மாஸ்க்கைத் தொட்டுப் பார்க்க விடுங்கள், குழாயை அவனே பிடிக்கட்டும்.

விற்பதைப் பற்றி ஒன்று. உங்கள் மெஷின் உங்கள் தொண்டைக்கு அமைக்கப்பட்டது, பரிசோதனை இல்லாத ஒருவருக்கு அதை விற்பது சரியில்லை. பழைய மெஷின் மலிவாக வருகிறதே என்று வாங்க நினைப்பவர்களும் மாடலைப் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருந்த நுரைப்பஞ்சு சிதைவதால் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தது.

இந்த வாரமே சோதனை செய்த இடத்துக்கு ஒரு போன் போட்டு நாள் வாங்குங்கள். போகும்போது மெஷின், குழாய், மாஸ்க், நோட்டு நான்கையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாற்காலியில் உட்கார்ந்து விளக்காதீர்கள், “படுத்துக் காட்டுகிறேன், மாஸ்க்கைப் போட்டுப் பாருங்கள்” என்று கேளுங்கள். வேறு இரண்டு மாஸ்க் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எது பொருந்தியது என்று.