எரிதல் ஆய்வில் வாயு அளவீடு: கேள்வி-பதில்

கே: வாயுப் பிரிகையில் (ஜிசி) எஃப்ஐடி-யில் (சுடர் அயனி டிடெக்டர்) கார்பன் மோனாக்சைடு பீக் வரவேயில்லை. டிடெக்டர் பழுதா?

ப: பழுதில்லை. எஃப்ஐடி-க்கு அது தெரியாது. வாயுக்களைப் பிரிக்கும் ஜிசி குழாய்க்குப் பின்னால், அதை மீத்தேனாக மாற்றும் நிக்கல் மெத்தனைசர் வைத்து 400 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள்.

கே: ரீடிங் சரியாக வரவில்லை, என்ன செய்யலாம்?

ப: எந்த வாயு, எந்தக் கருவி, என்ன வெப்பநிலை, எவ்வளவு ஆர்கான்? ஒன்றையும் சொல்லாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கே: ஷாக் டியூபில் (அதிர்ச்சி அலையால் வாயுவை நொடியில் சூடாக்கும் குழாய்) 308 நானோமீட்டர் ஃபில்டரும் பிஎம்டி-யும் (ஒளியை அளக்கும் குழல்) வைத்து ஓஎச் (ஹைட்ராக்சில்) அளந்தோம். எரிதல் வினைகளைக் கணக்கிடும் மாடலின் ஓஎச் வளைவோடு பொருந்தவில்லை. மாடல் தவறா?

ப: மாடலைக் குறை சொல்லுமுன், எதை அளந்தீர்கள் என்று பாருங்கள். உங்கள் பிஎம்டி பார்ப்பது கிளர்ச்சி நிலை ஓஎச் விடும் ஒளியை. ஹைட்ரோகார்பன் எரியும்போது அது பெரும்பாலும் சிஎச்-சும் ஆக்சிஜனும் மோதிப் பிறக்கிறது. ஒரு மைக்ரோசெகண்டுக்குள் ஒளிவிட்டோ மோதலில் அணைந்தோ போய்விடும். அதனால்தான் பற்றும் நேரத்தில் கூரான உச்சம் காட்டிச் சரிகிறது. மாடல் தருவதோ அடிநிலை ஓஎச். கலவை பற்றியபின் அது ஏறி அங்கேயே நிற்கும். இரண்டையும் ஒரே படத்தில் போட்டு, உச்சத்தை உச்சத்தோடு பொருத்தி, 'நல்ல ஒத்திசைவு' என்று எழுதும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த வளைவை நம்பி யாரோ வினைவேகத்தை மாற்றுவார்கள். பற்றும் தாமதத்துக்கு உங்கள் சிக்னல் அருமையானது, அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செறிவு வேண்டுமென்றால் 306.7 நானோமீட்டரில் லேசர் உட்கவர்தல்தான் வழி. ஓஎச் உட்கவரும் கோட்டின் அலைநீளத்திலிருந்து விலகி ஒரு முறையும் அளந்து, பின்னணியைக் கழியுங்கள்.

கே: 1500 கெல்வினில் நீராவியை லேசரால் அளக்க ஹிட்ரான் (வாயுக்களின் உட்கவர்தல் கோடுகளின் தரவுத்தளம்) போதுமா?

ப: போதாது, உயர் வெப்பநிலைக்கான ஹிட்டெம்ப் எடுங்கள். ஹிட்ரானில் அதிக வெப்பநிலையில் மட்டும் தெரியும் பல கோடுகள் இல்லை. செறிவு கூடுதலாகவே வரும். தெரிந்த கலவையை அதே சூட்டில் ஒருமுறை அளந்தும் பாருங்கள்.

கே: மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் நிறை எண் 28-இல் வரும் பீக்கை எத்திலீன் என்று கொள்ளலாமா?

ப: 70 எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களால் அயனியாக்கினால் கூடாது. நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் அதே 28-இல்தான். 11 எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான் கிடைத்தால் எத்திலீன் மட்டும் அயனியாகும். மற்ற இரண்டுக்கும் 14-க்கு மேல் வேண்டும்.

கே: டோடெக்கேன் (கனமான திரவ ஹைட்ரோகார்பன்) கலவையை அழுத்தமானி வைத்துத் தயாரித்தோம். போதுமா?

ப: போதாது. டோடெக்கேன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தொட்டி, குழாய், வால்வு மூன்றையும் சூடாக வைத்து, ஷாக்குக்கு முன் டியூபுக்குள்ளேயே 3.39 மைக்ரான் ஹீலியம்-நியான் லேசரால் எரிபொருளை அளந்து கொள்ளுங்கள். கணக்குப் போட்ட செறிவை நம்பாதீர்கள், அளந்ததை நம்புங்கள்.