வெல்டிங் பார்க்க நன்றாக இருந்தும் பெயர்ந்து வந்துவிட்டதே!

10 மி.மீ. தகட்டில் 3 மி.மீ. சதுரக் குழாயை வெல்டிங் வைத்தீர்கள், மேலே வழுவழுவென்று இருந்தது, பாரம் ஏறியதும் பெயர்ந்து வந்துவிட்டது என்கிறீர்கள். வெல்டிங் ராடைக் குறை சொல்வதற்கு முன் உடைந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள். தகட்டின் பக்கம் கிரைண்டர் போட்ட கோடுகள் அப்படியே தெரிகின்றனவா? தெரிந்தால் அங்கே தகடு உருகவே இல்லை. உருகிய ராடு மேலே ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தடித்த தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும், மெல்லிய குழாய் சீக்கிரம் உருகும். ஓட்டை விழுமோ என்று பயந்து ஆம்பியரைக் குறைத்திருப்பீர்கள். நானும் செய்த தப்புதான்.

பழைய வெல்டிங்கை முழுக்க கிரைண்ட் செய்து எடுங்கள். அதன் மேலேயே இன்னொரு தடவை ஓட்டாதீர்கள். துரு, பெயின்ட் எல்லாம் போய் உலோகம் பளிச்சென்று தெரியட்டும். அப்புறம், 3.15 மி.மீ. 6013 ரக ராடு என்றால் 110–120 ஆம்பியர் வைத்து, ஆர்க்கை (ராடு முனையில் எரியும் மின்பொறியை) தகட்டின் பக்கமே அதிக நேரம் நிறுத்துங்கள். உருகிய குழம்பு தானாகக் குழாயைத் தொடும்.

உடைந்த முகத்தில் பொடிப்பொடித் துளைகள் இருந்தால் கதை வேறு: ஈரம் பட்ட ராடு, அல்லது எண்ணெய், பெயின்ட். விரிசல் வெல்டிங்கை ஒட்டித் தகட்டுக்குள்ளேயே ஓடியிருந்தால், அது என்ன எஃகு என்று எழுதுங்கள்.