நான்கே மாதத்தில் வேலை மாறலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்து, அரியர்களை எழுதித் தேறி, ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்த நான், நான்கு மாதங்களுக்கு முன் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். பிடித்தம் போக மாதம் 24,000 ரூபாய் கைக்கு வருகிறது. பேருந்தும் மதிய உணவும் கம்பெனியே தருகிறது. சிஎம்எம் அளவீட்டு இயந்திரத்தில் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். இப்போது பெங்களூரு பீன்யாவில் உள்ள பெரிய நிறுவனம் ஒன்றுக்கு, ஆண்டுக்கு 5,40,000 ரூபாய் என்று ஆஃபர் வந்திருக்கிறது. முதல் ஓராண்டு ஏஜென்சி மூலம், பிறகு நிரந்தரம் என்கிறார்கள். என்னை நம்பி வேலை கொடுத்த மேலாளரை விட்டுப் போவது நன்றிகெட்ட செயல் என்கிறார் அப்பா. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறார் மாமா. சேர்ந்து இரண்டாண்டு முடிவதற்கு முன் விலகினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக பாண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்: நான்கு மாதத்தில் வேலை மாறலாம், அதில் தவறே இல்லை. ஆனால் இந்த ஆஃபரை, அது இன்று இருக்கும் நிலையில் நம்பி மாறக்கூடாது என்பதே என் முடிவு. அதற்குக் காரணம் உங்கள் அப்பா சொல்லும் நன்றியுணர்ச்சியும் அல்ல, நீங்கள் அஞ்சும் பாண்டும் அல்ல. முதல் ஓராண்டு ஏஜென்சி மூலம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் காரணம்.

அந்த வரியின் பொருளை உங்களுக்கு யாரும் விளக்கவில்லை என்று தெரிகிறது. நீங்கள் பீன்யாவில் அந்தப் பெரிய நிறுவனத்தின் வாசலுக்குள் நுழைவீர்கள், அதன் இயந்திரங்களில் வேலை செய்வீர்கள், அதன் மேற்பார்வையாளர் சொன்னபடி நடப்பீர்கள். ஆனால் உங்கள் பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆகியவற்றில் எல்லாம் ஏஜென்சியின் பெயர்தான் இருக்கும். ஆர்டர் குறைந்தால் ஏஜென்சியிடம் “இத்தனை பேர் வேண்டாம்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவதோடு பெரிய நிறுவனத்தின் பொறுப்பு ஏறக்குறைய முடிந்துவிடும். ஓராண்டுக்குப் பிறகு நிரந்தரம் என்று உங்களிடம் சொன்னவர் பெரும்பாலும் ஏஜென்சியின் ஊழியராகத்தான் இருப்பார், தன் கையில் இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொல்வதற்கு அவருக்கு எந்தச் செலவும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் முறை ஒரு தொழிலில் தடை செய்யப்பட்டாலும்கூட, அங்கே வேலை செய்தவர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சட்டமே அவ்வளவு எளிதாகக் கொடுக்காத நிரந்தரத்தை, தொலைபேசியில் கேட்ட ஒரு வாக்கை வைத்து நீங்கள் எதிர்பார்க்க முடியாது.

ஏஜென்சி வேலை என்றாலே கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு வழியில்லாமல் அதில் சேர்ந்து நன்றாக உழைத்து முன்னேறியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் நேரடி நியமனத்தில் இருக்கும் ஒருவர், தானாக அதை விட்டுவிட்டு அங்கே போகும்போது எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று கணக்குப் பார்த்தாக வேண்டும்.

சம்பளக் கணக்கும் நீங்கள் நினைப்பது போன்றது அல்ல. 5,40,000ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 45,000 என்று மனத்தில் வைத்திருப்பீர்கள். சம்பளப் பிரிவுகள் அடங்கிய தாளை நீங்கள் அனுப்பவில்லை என்பதால் வழக்கமான அமைப்பை வைத்துச் சொல்கிறேன்: பத்து சதவீதம் செயல்திறன் ஊக்கத்தொகை என்றால் 54,000 ரூபாய் ஆண்டு முடிவில், அதுவும் கொடுத்தால்தான் வரும், 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிட்டால் நிறுவனத்தின் பங்காகச் செலுத்தப்படும் வைப்பு நிதி 21,600, அடிப்படைச் சம்பளம் பாதி என்று கொண்டால் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) என்று ஏறத்தாழ 13,000. இவற்றைக் கழித்து, உங்கள் பங்கு வைப்பு நிதி 1,800, கர்நாடகத்தின் தொழில் வரி 200 (பிப்ரவரியில் மட்டும் 300) ஆகியவற்றையும் மாதந்தோறும் பிடித்தால், கைக்கு வருவது 35,600 ரூபாய் அளவில்தான் இருக்கும். அந்தப் பணிக்கொடையும் பொதுவாக ஐந்தாண்டு தொடர்ச்சியான பணிக்குத்தான் கிடைக்கும் (குறித்த கால ஒப்பந்தத்தில் நியமிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் 2025 நவம்பர் முதல் ஓராண்டு போதும்) என்னும்போது, நடுவே ஏஜென்சி மாறினால் தொடர்ச்சி அறுபடும் அபாயம் உண்டு. பீன்யா நகரத்தின் மறுமுனையில் இருப்பதால் ஓசூரிலிருந்து தினமும் போய்வர முடியாது; அறை வாடகை, அதற்கான அட்வான்ஸ், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் உங்கள் கையிலிருந்து போகும். இன்றைய 24,000த்தோடு பேருந்தும் உணவும் சேர்த்து ஒப்பிட்டால், மாமா காட்டும் காற்று அப்படியொன்றும் பலமாக வீசவில்லை.

இன்னொன்றையும் வருத்தத்தோடு கவனித்தேன். இவ்வளவு எழுதிய நீங்கள், பீன்யாவில் என்ன வேலை தருவார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வாகன உதிரிபாகத் துறையில் சிஎம்எம் இயந்திரத்தைத் தனியாக இயக்கி, அளவீட்டு நிரலை எழுதி, வாடிக்கையாளர் தணிக்கையில் அறிக்கையோடு எழுந்து நின்று பதில் சொல்லத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. அது நான்கு மாதத்தில் வந்துவிடாது. அரைகுறைப் பயிற்சியோடு வெளியேறி, புதிய இடத்தில் வெர்னியர் என்ற சாதாரண அளவுகோலைக் கையில் கொடுத்து லைன் இன்ஸ்பெக்‌ஷனில் நிறுத்திவிட்டால், பணம் கூடியும் நீங்கள் பின்னால் போயிருப்பீர்கள்.

உங்கள் அப்பாவின் மனம் எனக்குப் புரிகிறது. ஓராண்டுக்கு மேலாக வீட்டில் இருந்த மகனுக்கு வேலை கொடுத்தவரைத் தெய்வம்போல் நினைப்பது இயல்பு. ஆனால் நிறுவனம் உங்களைத் தேவை கருதி எடுத்தது, உழைப்புக்குக் கூலி தருகிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் நேராகிவிடுகிறது. மேலாளருக்கு நீங்கள் கடன்பட்டிருப்பது வேறு வகையில்: விலகுவதாக இருந்தால் அதை உங்கள் வாயால் அவர் முதலில் கேட்க வேண்டும், முன்னறிவிப்புக் காலத்தை முழுமையாக முடிக்க வேண்டும், செய்துகொண்டிருந்த வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டு, இந்த நான்கு மாதத்தைப் பயோடேட்டாவில் மறைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் யுஏஎன் (வைப்பு நிதிக்கான நிரந்தர எண்) கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதிவாகிவிடும், பின்னணி சரிபார்ப்பில் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பாண்டைப் பொறுத்தவரை, அது செல்லாத காகிதம் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். ஒப்புக்கொண்ட மூன்றாண்டு முடிவதற்கு முன் விலகி வேறு வங்கிக்குப் போன அதிகாரி ஒருவர் கட்ட நேர்ந்த 2 லட்சம் ரூபாயைச் சரி என்று விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அது ஒரு பொதுத்துறை வங்கி, மீண்டும் ஆளெடுக்க விளம்பரம், தேர்வு என்று அதற்கு ஆகும் செலவைக் கணக்கில் கொண்டார்கள். உங்கள் விஷயத்தில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதியிருக்கும் ஒரு லட்சம் உச்ச அளவுதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவைத்தான் நீதிமன்றம் தர முடியும். எனினும் வழக்கு வரை போகாமல், விடுவிப்புக் கடிதத்தை நிறுத்தி வைத்தே உங்களை அலைக்கழிக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது ராஜினாமா எழுதுவது அல்ல. அந்தப் பெரிய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கே நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நியமனம் அவர்கள் பெயரிலேயே கிடைக்குமா, எந்தப் பிரிவில் என்ன வேலை, சம்பளத்தில் நிலையான பகுதி எவ்வளவு என்று கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் திருப்தியான பதில் வந்தால், பாண்டுத் தொகையைப் பற்றி உங்கள் மேலாளரிடம் வெளிப்படையாகப் பேசி முடித்துக்கொண்டு தயங்காமல் போங்கள். அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பதில் வராவிட்டாலோ, எல்லாம் ஏஜென்சியிடம் கேளுங்கள் என்று வந்தாலோ, ஓசூரிலேயே இருந்து அந்த சிஎம்எம் பயிற்சியை எப்போது முடித்துத் தருவார்கள் என்று மேலாளரிடம் தேதி கேளுங்கள்.