பதில்: சண்டே ஸ்கூலில் பாலம் படம்

வணக்கம் சகோதரி. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு பள்ளம், அதன் மேல் சிலுவையைப் பாலமாக நீங்கள் வரைந்ததும் ஒரு பையன் "இது எந்த வசனம் அக்கா?" என்று கேட்டுவிட்டான் என்கிறீர்கள். கெட்டிக்காரன்தான்! இயேசுவைப் பாலம் என்று சொல்லும் வசனம் இல்லை, அதை அவனிடம் மறைக்க வேண்டாம். பக்கத்தில் வருவது ஏணி: ஆதியாகமம் 28:12-ஐயும் யோவான் 1:51-ஐயும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், யாக்கோபு கண்ட ஏணியின் இடத்தில் மனுஷகுமாரன் நிற்பது அவனுக்கே தெரியும். 'மத்தியஸ்தர்' (இருவருக்கும் நடுவே நிற்பவர்) என்ற சொல் வேண்டுமென்றால் 1 தீமோத்தேயு 2:5.

பாலத்தை விரிவாகச் சொன்னவர் 14ஆம் நூற்றாண்டு இத்தாலியின் சியன்னா கத்தரீன் என்ற புனிதை. கிறிஸ்துவே பாலம், அதில் மூன்று படிகள்: பாதம், விலா, வாய். அப்புறம், அந்தப் பள்ளத்தைவிட இந்தப் படிகளை வரையுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.