மேலதிகப் பிரதி என்பதற்காக நிறமூர்த்தம் பிந்தி இரட்டிக்குமா?

கேள்வி: சிஎச்ஓ கலங்களில் (சீன ஹம்ஸ்டர் சூலகத்திலிருந்து வளர்த்த கலவழி) நிறமூர்த்த எண்ணிக்கை கலத்துக்குக் கலம் மாறுகிறது. எது பிந்தி இரட்டிக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? மேலதிகப் பிரதி எப்போதும் பிந்துமா? யாழ்ப்பாணத்தில் செய்யக்கூடிய முறையாகச் சொல்லுங்கள்.

மேலதிகம் என்பதற்காக எதுவும் பிந்தாது. மூன்றாவது பிரதியும் பெரும்பாலும் மற்ற இரண்டோடு சேர்ந்தே போகும். எக்ஸ் நிறமூர்த்தம் விதிவிலக்கு: மனிதக் கலத்தில் மூன்று எக்ஸ் இருந்தால் இரண்டு செயலிழந்து அடங்கி, பிந்தும். முறிந்து இடம்மாறி ஒட்டிய சில நிறமூர்த்தங்கள் முழுதாகவே பிந்துவதுண்டு. ஆகவே விசித்திரமாகப் பிந்தும் ஒன்றைக் கண்டால் எண்ணிக்கையை விட்டுவிட்டு முறிவிடத்தைச் சந்தேகியுங்கள்.

அறுவடைக்கு முந்திய கடைசி மணித்தியாலங்களில் 30 மைக்ரோமோலார் புரோமோடிஒக்சியூரிடின் (சுருக்கமாகப் புரோமோ) கொடுங்கள். இரட்டிக்கும் டிஎன்ஏயில் தைமிடினுக்குப் பதிலாக இது ஏறும். எத்தனை மணி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜி2 அவத்தையை (இரட்டிப்பு முடிந்து பிரிவு தொடங்கும்வரையுள்ள காலம்) விடக் குறைவாகக் கொடுத்தால் அனுவவத்தைத் தட்டுகளில் (பிரியும் கலத்தில் சுருங்கித் தெரியும் நிறமூர்த்தத் தொகுதி) ஒன்றும் பதியாது. முதலில் 3, 4, 5, 6, 7 மணி என்று ஐந்து குடுவைகள் வையுங்கள். பதிந்த தட்டுகள் எங்கே தொடங்குகின்றனவோ அதிலிருந்து ஒன்றிரண்டு மணி கூட்டினால் பிந்திய பகுதி மட்டும் தெரியும். கலம் வளர்க்கும் ஹாம் எஃப்12 ஊடகத்தில் தைமிடின் ஏற்கெனவே ஏறத்தாழ 3 மைக்ரோமோலார் இருக்கிறது. மிச்சம் பிடிக்கவென்று புரோமோவை 3 ஆக்கினால் பாதிக்குப் பாதி போட்டி. குடுவையை அலுமினியத் தாளால் மூடுங்கள். புரோமோ ஏறிய டிஎன்ஏ வெளிச்சத்தில் முறியும்.

கலப்பிரிவை அனுவவத்தையில் நிறுத்தும் கொல்செமிட் கடைசி ஒரு மணி போதும். கூடினால் நிறமூர்த்தங்கள் கட்டையாகச் சுருங்கி, பட்டை வாசிக்க முடியாது. பிறகு வழமைதான்: கலத்தை ஊதவைக்க 0.075 மோலார் பொற்றாசியம் குளோரைட்டு, நிலைநிறுத்த மெதனோல் மூன்றுக்கு அசற்றிக் அமிலம் ஒன்று, பிறகு ஹெக்ஸ்ட் 33258 சாயம், புறஊதா ஒளி, ஜீம்சா சாயம். புரோமோ ஏறிய பிந்திய பகுதி வெளிறும்.

வழுக்கி (நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் தகடு) உலர்வதுதான் இங்கே தலையிடி. மாரியில் ஈரப்பதன் ஏற, வழுக்கி மெல்லக் காய்ந்து தட்டு அகல விரிந்துவிடும். ஓரத்து நிறமூர்த்தம் ஒன்றிரண்டு சிதறிப்போனால் 21 நிறமூர்த்தம் என்பது 19 ஆகும். எண்ணிக்கை மாறும் கலவழியில் இது உண்மையான இழப்புப் போலவே இருக்கும்! சோளகக் காற்றில் எதிர்மாறு: சட்டென்று காய்ந்து, குழியவுருவுக்குள் குவிந்து கிடக்கும். வழுக்கியைச் சுடுநீர் ஆவியில் ஒருகணம் பிடித்துவிட்டுத் துளியை விடுங்கள்.

வாசிக்கும்போது கலத்தோடு கலத்தை ஒப்பிட வேண்டாம். இரண்டு கலங்கள் எஸ் அவத்தையின் (டிஎன்ஏ இரட்டிக்கும் காலம்) வெவ்வேறு இடத்தில் புரோமோவைச் சந்தித்திருக்கும். ஒரே தட்டுக்குள் இருக்கும் பிரதிகளையே ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். சீன ஹம்ஸ்டரின் எக்ஸ் நீண்ட புயம், ஆண் கலத்தில் தனி எக்ஸாக இருந்தாலும் பிந்தியே இரட்டிக்கும். இது டெய்லர் என்ற ஆய்வாளர் 1960இல் ட்ரிட்டியம் (கதிரியக்க ஐதரசன்) ஏற்றிய தைமிடினால் காட்டியது. அந்தப் புயத்தை மணிக்கூடாக வைத்து, அது வெளிறாத தட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்குங்கள்.