யென் சம்பளம், ரூபாய்க் கடன், நடுவில் ஒரு ரிபோ கார்டு

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாய் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எனக்கு வயது 38, ஐடி வேலை, ஜப்பான் வந்து எட்டு வருடம் ஆகிறது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். மகள் இந்தியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு நான்கு வயது, யோச்சியென் (மழலையர் பள்ளி) போகிறான். கைக்கு வருவது மாதம் 4,80,000 யென், போனஸ் தனியாகக் கிடையாது. யூஆர் (அரசு சார்ந்த குடியிருப்பு) வீட்டு வாடகை 1,45,000, மகளின் பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் 1,05,000, சாப்பாடு முதல் போன் வரை 1,15,000 ஆகிறது. ஊருக்கு 1,60,000 அனுப்புகிறேன். அதில் திருச்சி வீட்டுக் கடனுக்கு 52,000 ரூபாய், அப்பா (72), அம்மாவுக்கு (66) 16,000 ரூபாய், கடை வைத்திருக்கும் தம்பிக்கு 25,000 ரூபாய். எல்லாவற்றையும் தம்பி கணக்குக்கே அனுப்பிவிடுவேன், அவன் பிரித்துக் கட்டிவிடுவான். அவன் அந்த வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான். கடன் 2021 தொடக்கத்தில் வாங்கியது, 60 லட்சம். அப்போது இஎம்ஐ 46,500. மாதம் குறைகிற பணத்துக்கு கார்டில் ரிபோ (மொத்தப் பாக்கியையும் கட்டாமல் மாதம் ஒரு சிறு தொகையை மட்டும் வட்டியோடு கட்டுகிற முறை) போட்டுச் சமாளிக்கிறேன். மாதம் 20,000 யென் கட்டினால் போதும் என்பதால் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் பாக்கி 8,50,000 யென் ஆகிவிட்டது. மனைவிக்கு இது தெரியாது. யென் ஏறினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். இப்போது கடையைப் பெரிதாக்க தம்பி 8 லட்சம் ரூபாய் கேட்கிறான். வீட்டுக் கடனில் டாப்-அப் (அதன்மேல் கூடுதல் கடன்) வாங்கித் தரலாமா? குழந்தைகள் படிப்புக்கு நண்பர் சொல்லும் டாலர் இன்ஷூரன்ஸில் மாதம் 30,000 யென் போடலாமா? நீசா (ஜப்பானின் வரிவிலக்கு முதலீட்டுக் கணக்கு) நல்லதா?

பதில்: கேட்டிருக்கும் மூன்றுக்கும் பதில் ஒன்றுதான், இப்போது வேண்டாம். எட்டு வருடமாக அங்கே குடும்பம் நடத்துகிறவருக்குச் செலவைக் குறைப்பது எப்படி என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை. நாலு பேருக்கு 1,15,000 யென்னில் சாப்பாடும் கரண்டும் போனும் முடிகிறது என்றால் உங்கள் மனைவி உங்களைவிட நல்ல நிதி ஆலோசகர். தொல்லை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ரிபோவில் இருக்கிறது.

செலவைக் கூட்டினால் 5,25,000 வருகிறது. வரவு 4,80,000. துண்டு விழுவது 45,000 யென். ஒரு யென் 58 பைசா என்று வைத்துக்கொண்டால், தம்பிக்குப் போகும் 25,000 ரூபாய் என்பது 43,000 யென். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தம்பிக்குப் போகிற பணம் உங்கள் சம்பளத்திலிருந்து போகவில்லை. கார்டு கம்பெனி உங்களுக்குக் கடன் கொடுக்கிறது, அதை நீங்கள் வட்டியில்லாமல் தம்பிக்குக் கொடுக்கிறீர்கள். கடன் வாங்கிக் கடன் கொடுத்தவனும் கெட்டான் என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை.

ரிபோ வட்டி பல ஜப்பானியக் கார்டுகளில் ஆண்டுக்கு 15 சதவீதம். 8,50,000-க்கு வருடம் 1,27,500 யென், மாதத்துக்கு ஏறக்குறைய 10,600. நீங்கள் கட்டுகிற 20,000-இல் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் குறைவது 9,400 தான். அதே மாதம் புதிதாக 45,000 ஏறிவிடுகிறது. அடுத்த ஸ்டேட்மென்ட் வரும்போது கட்டவேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதற்குக் கீழே வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் கணக்கில் ஒரு வரவைக் காணோம். ஜிதோ தெஅதே, அதாவது குழந்தைகள் உதவித்தொகை. 2024 அக்டோபரில் வருமான வரம்பை எடுத்துவிட்டார்கள், ஆகவே உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 10,000 யென், இரட்டைப்படை மாதங்களில் 40,000 ஆக வந்துகொண்டிருக்க வேண்டும். சம்பளம் முழுக்கச் செலவாகி மேலும் துண்டு விழுகிற வீட்டில் கார்டுக்கு மாதம் 20,000 எங்கிருந்து வருகிறது? இதிலிருந்துதான் வரமுடியும். பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருவதை அப்படியே கார்டு கம்பெனிக்குத் தருகிறீர்கள். அவர்கள் படிப்புக்கு எதில் போடலாம் என்று வேறு கேட்கிறீர்கள்.

யென் ஏறும் என்ற நம்பிக்கைக்கு வருவோம். நீங்கள் கடன் வாங்கிய 2021 தொடக்கத்தில் ஒரு யென் ஏறக்குறைய 70 பைசா. 46,500 ரூபாய் இஎம்ஐக்கு 66,000 யென் போதும். பிறகு 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் இந்திய ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (அது வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, உங்கள் கார்டு ரிபோ வேறு) 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏற்றியது. இந்தப் பக்கம் யென் விழுந்தது, 2024 ஜூலையில் ஒரு டாலர் 160 யென்னைத் தாண்டியே போனது. இப்போது உங்கள் 52,000 ரூபாய்க்கு 90,000 யென் வேண்டும். ரூபாயில் பார்த்தால் இஎம்ஐ 5,500 தான் ஏறியது, யென்னில் 24,000 ஏறியிருக்கிறது. சரி, யென் நாளைக்கே 70 பைசாவுக்குத் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு அனுப்பும் 93,000 ரூபாய்க்கு 1,33,000 யென் ஆகும். மிச்சம் 27,000. அப்போதும் மாதம் 18,000 துண்டு விழும். ஆகவே அந்தக் காத்திருப்பை இன்றோடு விடுங்கள்.

முதல் வேலை, மனைவியிடம் சொல்வது. வீட்டுச் செலவு முழுக்க அவர் கையில் இருக்கும்போது அவருக்குத் தெரியாமல் இந்தக் கடனை அடைக்க முடியாது. அப்புறம் கார்டு கம்பெனியின் ஆப்பில் ரிபோ தானாகவே போகும்படி வைத்திருக்கிறதா என்று பார்த்து, இனிமேல் வாங்குவதெல்லாம் ஒரே தவணையில் போகும்படி மாற்றுங்கள். சில கார்டுகளில் வாங்கும்போதே தானாக ரிபோ போட்டுவிடுகிற ஏற்பாடு உண்டு, பலருக்கு அது தெரிவதே இல்லை. ரிபோ லிமிட் முடிந்ததும் கேஷிங்கில், அதாவது கார்டிலிருந்தே ரொக்கக் கடனாக, பணம் எடுக்கலாம் என்ற யோசனை வரும். வேண்டாம், அங்கே வட்டி 18 சதவீதம் வரை போகும்.

தம்பிக்கு யென் ரேட்டையும் ரிபோவையும் விளக்கப் போகாதீர்கள். விளக்கினால் பேச்சு வளரும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று முடியும். இந்த மாதத்தோடு 25,000 நிற்கிறது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். கோபப்படுவான், அம்மா போன் செய்வார், இரண்டு மாதம் கசப்பாக இருக்கும். அதற்குத் தயாராகுங்கள். வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு கடை இன்னும் சொந்தக் காலில் நிற்கவில்லை என்றால், அந்தக் கடையைப் பெரிதாக்க 8 லட்சம் கேட்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. டாப்-அப்பில் 8 லட்சம் வாங்கினால் 15 வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 8,000 ரூபாய், இன்னொரு 14,000 யென். கடைக்கு நிஜமாகவே வியாபாரம் இருந்தால் அவனுடைய ஜிஎஸ்டி கணக்கைக் காட்டி அவன் பெயரில் வங்கியில் கடன் வாங்கட்டும். அதற்கு ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள்.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள். மாடியில் குடியிருக்கிறவன் வேறு எங்கே போனாலும் வாடகை கொடுத்துத்தான் ஆகவேண்டும். இஎம்ஐயில் 15,000 ரூபாய் அவன் பங்கு என்று வையுங்கள். உங்களுக்கு 26,000 யென் மிச்சமாகும். இஎம்ஐயை உங்கள் என்ஆர்இ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான ரூபாய்க் கணக்கு) வங்கியே எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள், தம்பி கை வழியாகப் போகவேண்டாம். டோக்கியோ அரசு 18 வயது வரை பிள்ளைக்கு மாதம் 5,000 தருகிற 018 சப்போர்ட்டுக்கு விண்ணப்பித்தீர்களா? இல்லையென்றால் விண்ணப்பியுங்கள், அது மாதம் 10,000.

இதையெல்லாம் செய்தால் கார்டுக்குக் கட்ட மாதம் 54,000 வரை கிடைக்கும், ஒன்றரை வருடத்தில் பாக்கி முடியும். தம்பிக்குக் கொடுப்பதை நிறுத்துவதோடு விட்டுவிட்டு 20,000 மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் ஐந்து வருடம் ஆகும். வித்தியாசத்தைப் பாருங்கள்.

மொத்தப் பணத்தையும் தம்பி கணக்குக்கு அனுப்புவதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. அப்பா அம்மாவை ஜப்பான் வரியில் உங்களைச் சார்ந்தவர்களாகக் காட்டலாம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயருக்கு நீங்கள் அனுப்பிய ரசீது வேண்டும். 2023 முதல் 30-லிருந்து 69 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த வருடத்தில் குறைந்தது 3,80,000 யென் போயிருக்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. 70 தாண்டிய அப்பாவுக்கு அந்தத் தொகைக் கட்டாயம் இல்லை, ரசீது மட்டும் வேண்டும். ஆகவே அம்மா கணக்குக்கு மாதம் 32,000 யென் (வருடத்துக்கு 3,84,000), அப்பா கணக்குக்கு அவர் செலவுக்கென்று தனியாக ஒரு தொகை அனுப்புங்கள். இப்போது அவர்களுக்கு அனுப்புவதைவிடக் கொஞ்சம் கூடத்தான் போகும். ஆனால் உங்கள் சம்பளத்துக்கு வருமான வரியும் குடியிருப்பு வரியும் சேர்த்து, தோராயமாக வருடத்துக்கு ஒன்றரை லட்சம் யென் குறையலாம். உங்கள் பிறப்புச் சான்றிதழும் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் தயாராக இருக்கட்டும், ஆண்டு முடிவில் வரிக் கணக்கைச் சரிக்கட்டும்போது ஆபீஸில் கேட்பார்கள். தம்பியையும் சார்ந்தவராகக் காட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். கடைக்குப் போடுகிற முதல் குடும்பச் செலவு ஆகாது, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டாலர் இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நிஷிகசாய் பக்கம் இதை விற்கிற நண்பர்கள் எப்படித்தான் முளைக்கிறார்களோ தெரியவில்லை. முதல் சில வருடங்களில் எடுத்தால் போட்டதைவிடக் குறைவாகத்தான் கைக்கு வரும். சம்பளம் யென்னில், கடன் ரூபாயில், பாலிசி டாலரில் என்று மூன்று நாணயத்தைக் கட்டி மேய்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா? நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்றாவது வருடம் நிறுத்தினால் எத்தனை யென் திரும்ப வரும், எழுதித் தரமுடியுமா? நீசா அந்த வகையைச் சேர்ந்ததில்லை, நல்ல ஏற்பாடு. ஆனால் 2024-இல் வந்த புதிய நீசாவில் வரிவிலக்குக்குக் காலக்கெடு கிடையாது, அது எங்கேயும் ஓடிப்போகாது. 15 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு 5, 6 சதவீத லாபத்துக்கு ஆசைப்படுவதில் அர்த்தம் இல்லை. ரிபோ பாக்கி முடிந்த மாதம் அதைத் தொடங்கலாம்.

மகளின் பள்ளிக் கட்டணத்தை நான் தொடவில்லை. நாலைந்து வருடத்தில் ஊர் திரும்புவது நிச்சயம் என்றால் சிபிஎஸ்இ பள்ளிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடத்தில் மகனும் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிடுவான், அப்போது இன்னொரு லட்சம் யென். இந்தச் சம்பளத்தில் அது முடியாது, நான் மேலே சொன்னதெல்லாம் நடந்தாலும் இழுபறிதான். வார்டு நிர்வாகம் நடத்தும் ஜப்பானியப் பள்ளியில் கட்டணம் கிடையாது, டோக்கியோ 23 வார்டுகளில் மதிய உணவும் இலவசம். திரும்புவதா, அங்கேயே இருப்பதா என்பதை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அது முடிவாகும் வரை மகனுக்கு எந்தப் பள்ளியிலும் அட்மிஷன் பணம் கட்டாதீர்கள்.